என் பணம், என் விருப்பம்... மேசை யாருடையது?

*ஆன்லைன் ரம்மித் தடை கிளப்பிவிட்ட சுதந்திரச் சண்டை*

பச்சை மேசை. நடுவில் கவிழ்த்துவைத்த சீட்டுக்கட்டு, பக்கத்தில் திறந்து கிடக்கும் ஜோக்கர், கையில் பதின்மூன்று சீட்டு. எடுப்பதற்கும் கழிப்பதற்கும் சில விநாடிகள்தான். பெயரைச் சுற்றி ஓடும் வட்டம் குறையக் குறைய விரல் தானாக நகரும். தோற்றால் வருந்த நேரமில்லை. அடுத்த ஆட்டத்துக்கு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும், திருப்பூர் விடுதிகளிலும், ராத்திரி ஷிஃப்ட் வாட்ச்மேன் கூண்டுகளிலும் வருடக்கணக்கில் இந்த மேசை விரிந்தே கிடந்தது.

2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் மறுநாளும் செயலியைத் திறந்தவர்களுக்கு மேசைக்குப் பதிலாக அறிவிப்புதான் தெரிந்தது: பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் நிறுத்தப்படுகின்றன, கணக்கில் உள்ள பணம் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் மசோதா வந்தது, அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. அடுத்த நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். எதிர்க்கட்சிகளின் முழக்கத்துக்கு நடுவே, விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் நாடு முழுவதற்குமான தடை மூன்றே நாளில் சட்டமானது. நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படும் முன்பே கம்பெனிகள் கடையைக் கட்டிவிட்டன.

சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இந்த ஆட்டங்களில் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு. 2 லட்சம் பேரின் வேலை போகும் என்பது தொழில் அமைப்புகள் சொன்ன கணக்கு. இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கேள்வி எழுந்தது. வயதுவந்த ஒருவர், சொந்த வீட்டில் உட்கார்ந்து, சொந்தப் பணத்தை, யாருக்கும் தொந்தரவில்லாமல் எப்படிச் செலவழித்தால் அரசுக்கு என்ன?

இதைக் கேட்பவர்கள் லிபர்டேரியன்கள், அதாவது தனிமனித சுதந்திரவாதிகள். இணையத்தோடு அவர்களுக்குப் பிறப்பிலேயே உறவு உண்டு. 1996 பிப்ரவரி 8 அன்று, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர் இணையவெளியின் சுதந்திரப் பிரகடனத்தை வெளியிட்டார். உலகத்து அரசுகளுக்கு இணையத்தில் வேலையில்லை, எட்டி நில்லுங்கள் என்பதே அதன் சாரம். இணையத்தில் ஆபாசத்தைத் தடுப்பதற்கென்று அமெரிக்காவில் அதே நாளில் கையெழுத்தான சட்டத்துக்கு எதிரான கோபம் அது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அடுத்த ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து, இணையத்தில் எங்கே கட்டுப்பாடு வந்தாலும் அங்கே இந்தக் குரல் வந்து நிற்கும்.

ரம்மிக்கு மட்டும் வராமலிருக்குமா?

அரசின் கை சுத்தமா?

சுதந்திரவாதிகளின் வாதத்தைக் கம்பெனி வக்கீல்களின் வாதம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்கக் கூடாது. அவர்கள் சுட்டிக்காட்டும் பல விஷயங்கள் உண்மை. ரம்மியால் வீடு இழந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தாலும் உண்மை.

முதலாவது, காசு. 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டக் கணக்கில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போடப்பட்டது. ஒருவர் கட்டிய பணம் மேசைக்குப் போகும் முன்பே அரசின் பங்கு தனியாகிவிட்டது. இரண்டு வருடம் அந்தப் பங்கை வாங்கிக்கொண்ட அரசுதான் பிறகு அதே ஆட்டத்தைக் கொள்ளைநோய் போலப் பேசியது. மாநிலத்தைக் கேட்டால், சாராயத்தைத் தன் கையால் விற்கிற அரசுக்குச் சீட்டுக்கட்டை மூட என்ன தகுதி என்று தெருவில் நிற்கும் யாரும் கேட்பார்கள்.

இரண்டாவது, போலீஸ் அதிகாரம். புதிய சட்டத்தில் ஆட்டம் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். இதற்கு மேல் ஒரு பிரிவு இருக்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலர் வாரன்ட் இல்லாமலே எந்த இடத்திலும் நுழைந்து சோதனையிடலாம், கைது செய்யலாம். இடம் என்றால் கட்டடம் மட்டுமல்ல, கம்ப்யூட்டரும் டிஜிட்டல் வெளியும் அதில் அடங்கும். ரம்மியைப் பிடிக்க எழுதிய இந்த வரி ரம்மியோடு நிற்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. இணையத்தில் ஒரு பதிவுக்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் பல மாநிலங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன என்பது 2021-ல் அதே நீதிமன்றத்தின் முன் வந்த விவரம்.

மூன்றாவது, பழைய தடைகளின் வரலாறு. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ல் தடை செய்யப்பட்டது. பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டுகள் மறைந்தன. மூன்று நம்பர் லாட்டரி மறையவில்லை. துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள், பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே இறந்துபோனது. அந்தத் தொழிலாளி கடைசி வீடியோவில் சொன்ன காரணம் மூன்று நம்பர் லாட்டரி. தடை வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ‘என் பணம், என் விருப்பம்’ என்ற வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது பெரிய ஓட்டை.

மில் தயங்கிய இடம்

சுதந்திரவாதிகள் எல்லோருக்கும் ஆதிநூல் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூல். அடுத்தவருக்குத் தீங்கு வராதவரை ஒருவரது நடத்தையில் சமூகம் கைவைக்கக் கூடாது என்ற கொள்கையைத் தெளிவாக வகுத்தவர் அவர். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த நூலின் கடைசி அத்தியாயம் வரை போவதில்லை. சூதாட்டம் அங்கேதான் வருகிறது.

ஒருவர் சூதாடினால் அதைச் சமூகம் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்கிறார் மில். அடுத்துக் கேட்கிறார்: சூதாட்ட விடுதி நடத்துகிறவரையும் அப்படியே விட்டுவிடலாமா? ஆடுகிறவருக்கு விருப்பம் மட்டும்தான் இருக்கிறது. விடுதிக்காரருக்கு அந்த விருப்பத்தை வளர்த்துவிடுவதில் லாபம் இருக்கிறது. அடுத்தவரின் பலவீனத்தைத் தூண்டிப் பிழைக்கிறவரை, தன் விருப்பப்படி நடப்பவரோடு ஒரே தட்டில் வைக்க முடியுமா? இரண்டு கொள்கைகளின் எல்லைக்கோட்டில் நிற்கிற கேள்வி இது என்று சொல்லி, இரண்டு பக்க நியாயங்களையும் அடுக்குகிறார். ஆடுகிறவரை விட்டுவிட்டு, ஆட வசதி செய்துகொடுத்தவரை மட்டும் தண்டிப்பது விந்தையாக இருக்கிறதே என்றும் தயங்குகிறார். முடிவு சொல்லவில்லை.

2025 சட்டம் அந்த இடத்தில் தயங்கவில்லை. ஆடுபவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவர் ஆகியோருக்கு மட்டும்தான். இதற்கு முந்தைய தமிழ்நாட்டுச் சட்டம், அதாவது 2022-ல் பேரவையில் நிறைவேறி 2023-ல் ஆளுநர் ஒப்புதல் பெற்றது, ஆடுபவருக்கும் 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தது. வட்டிக்கு வாங்கித் தோற்று, வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கிறவரை ஜெயிலுக்கும் அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்? இந்த ஒரு விஷயத்தில் புதிய சட்டம் எவ்வளவோ மேல்.

மில் காலத்தில் விடுதிக்கு ஒரு வாசல் இருந்தது. வீட்டில் நண்பர்களோடு சீட்டாடுவது வேறு, விடுதிக்குப் போய் ஆடுவது வேறு. நம் ஊரிலும் 1930-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் குறிவைத்தது பொதுச் சூதாட்ட விடுதியைத்தான். திண்ணையில் ரம்மி ஆடிய தாத்தாக்களை யாரும் கைது செய்யவில்லை. மனமகிழ் மன்றம் என்று போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே மங்காத்தா நடத்தியவர்களைத்தான் பிடித்தார்கள். போன் வந்த பிறகு விடுதி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தலையணைக்கு அடியில், கழிப்பறையில், குழந்தை தூங்கும் கட்டிலின் ஓரத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் விடுதி. சுதந்திரவாதி இதைப் பார்த்து ‘வீட்டுக்குள் ஆடுகிறார், விடுங்கள்’ என்கிறார். ஆடுபவர் வீட்டில் இருக்கிறார், சரி. மேசை யாருடையது?

1967 தீர்ப்பின் மறுபாதி

ஆன்லைன் ரம்மி கம்பெனிகளின் கையில் இருந்த மிகப் பெரிய துருப்புச்சீட்டு, ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-ல் தந்த தீர்ப்பு. ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும், எனவே அது பெருமளவு திறமை விளையாட்டு என்றது நீதிமன்றம். திறமை விளையாட்டு என்றால் சூது அல்ல; சூது அல்ல என்றால் அதை நடத்துவது தொழில்; தொழில் என்றால் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு வழக்கிலும் இந்தப் படிகளில்தான் கம்பெனிகள் ஏறின. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று சென்னை ரேஸ் கிளப் வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பும் கைகொடுத்தது.

அதே 1967 தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. ரம்மியோ வேறு எந்த ஆட்டமோ பந்தயம் வைத்து ஆடப்பட்டு, அதிலிருந்து வீட்டின் உரிமையாளரோ கிளப்போ லாபம் பார்க்கிறார்கள் என்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்கிறது அந்தப் பகுதி. அந்த வழக்கில் கிளப் வாங்கியது சீட்டுக்கட்டுக்கும் வசதிகளுக்குமான சிறு கட்டணம். அது குற்றமில்லை என்று விட்டது நீதிமன்றம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த பணத்தில் சதவீதம் எடுக்கும் மேசை அந்த நீதிபதிகளின் முன்னால் இல்லை.

இந்தத் திறமைச் சண்டையில் பல ஆண்டுகள் வீணாகிவிட்டன என்பது என் எண்ணம். திறமை இருந்தால் பணம் போகாது என்ற நம்பிக்கையை விதைத்ததே இந்தச் சொல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

> நூறு ஆட்டம், ஒரு கணக்கு
>
> பாயிண்ட் ரம்மியில் தோற்றவர் கையில் மிஞ்சிய புள்ளிகளை ஒரு புள்ளிக்கான பணத்தால் பெருக்குவார்கள். அதிகபட்சம் 80 புள்ளி. முதல் சுற்றிலேயே ‘டிராப்’ செய்தால் 20, நடுவில் செய்தால் 40.
>
> சம திறமை உள்ள இருவர், ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 100 ரூபாய் கைமாறுகிறது. மேசைக்காரரின் கமிஷன் 10 சதவீதம், அதாவது ஆட்டத்துக்கு 10 ரூபாய். இருவரும் மாறி மாறி ஜெயித்தால்கூட நூறாவது ஆட்டத்தின் முடிவில் மேசைக்காரரிடம் 1,000 ரூபாய் இருக்கும். ஆடியவர்கள் இருவரிடமும் சேர்த்து மிச்சம் 1,000.
>
> ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நூறு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் போதும்.

தோற்றவர் எப்போது திரும்பி வருவார்?

திண்ணையில் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நான்கு ஆட்டம் தோற்றவரின் முகம் கறுத்தால், ‘போதும், எழுந்திரு’ என்று ஒருவராவது சொல்வார். செயலியில் அப்படிச் சொல்ல யாருமில்லை. அங்கே இருப்பது பதிவேடு. எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எவ்வளவு கட்டினார், எத்தனை ரூபாய் தோற்றதும் வெளியேறினார், எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தார், சம்பளத் தேதியில் எவ்வளவு கட்டுகிறார், மாதக் கடைசியில் எவ்வளவு கட்டுகிறார்... எல்லாம் நடத்துபவரிடம் இருக்கும். ஆடுபவருக்கு எதிரே இருப்பவரின் பெயர்கூட நிச்சயமில்லை. தோற்ற கையோடு வந்து விழும் போனஸ் தற்செயலாக வருவதில்லை.

மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் லாஸ் வேகஸின் சூதாட்ட இயந்திரங்களையும் அவற்றின் முன் உட்கார்ந்தவர்களையும் நெடுங்காலம் ஆராய்ந்து 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். தீவிரமாக ஆடுபவர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆட்டம் நிற்காமல் இருப்பதற்காக ஆடினார்கள் என்பது அவர் கண்டது. நேரமும் பணமும் உடம்பும் மறந்துபோகிற அந்த மயக்கநிலையை நீட்டிப்பதற்காகவே நாற்காலியின் சாய்விலிருந்து திரையின் வேகம் வரை வடிவமைக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியது அவர்கள் விரல்தான். அதை முழு விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மில்லுக்கும் இது தெரிந்திருந்தது. ஒருவர் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று அவர் வாதிடுகிறார். சுதந்திரத்தைக் கைகழுவிவிடும் செயலுக்குச் சுதந்திரத்தின் பெயரால் பாதுகாப்புக் கேட்க முடியாது என்பதே காரணம். ரம்மி ஆடிய எல்லோரும் அடிமையானார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து ரூபாய் மேசையில் பொழுதுபோக்கிவிட்டுத் தூங்கப் போனவர்கள் ஏராளம். ஆனால் பந்தயத் தொழிலின் வருமானம் அவர்களை நம்பி இல்லை. விட முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்ட இழப்பால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று அரசு பேரவையில் சொன்னது. வங்கி ஊழியர், போலீஸ்காரர், கல்லூரி மாணவர், பெயின்டர் என்று எல்லாத் தரப்பினரும் அதில் உண்டு. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் கடன், ரகசியம், இன்னும் ஓர் ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை மூன்றும் அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தன. (இந்த நெருக்கடியில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்களில் எந்நேரமும் பேசலாம்.)

> சட்டமும் வழக்கும்
>
> 2020 நவம்பர்: அ.தி.மு.க. அரசின் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் அதுவே சட்டமானது.
>
> 2021 ஆகஸ்ட் 3: சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறைந்தபட்சக் கட்டுப்பாட்டை முயன்று பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்றது.
>
> 2022 ஜூன்: நீதிபதி கே.சந்துரு குழு அறிக்கை. அக்டோபரில் தி.மு.க. அரசின் புதிய மசோதா.
>
> 2023 மார்ச்–ஏப்ரல்: ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7-ல் ஒப்புதல்.
>
> 2023 நவம்பர் 9: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றது உயர் நீதிமன்றம்.
>
> 2025 பிப்ரவரி: தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள். நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை ஆட்டம் கூடாது. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை.
>
> 2025 ஜூன் 3: அந்த விதிகள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
>
> 2025 ஆகஸ்ட்: மத்திய அரசின் முழுத் தடை.

கடைக்குப் பூட்டா, ஆளுக்குக் கயிறா?

பெட்டியில் உள்ள 2025 பிப்ரவரி விதிகளைக் கவனித்துப் பாருங்கள். அவற்றில் இரண்டு வகை இருக்கிறது. நள்ளிரவில் மூடு, எச்சரிக்கை காட்டு என்பவை கடைக்காரருக்கான விதிகள். டாஸ்மாக் கடைக்கும் நேரம் உண்டு. அதனால் யாருடைய சுதந்திரமும் பறிபோனதாக நாம் நினைப்பதில்லை. ஆதாரைக் காட்டு, ஓ.டி.பி. போடு என்பது ஆடுபவருக்கான விதி. இந்த இரண்டாவது வகையில்தான் சுதந்திரவாதிகளோடு நான் முழுமையாகச் சேர்ந்து நிற்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட சட்டப் பிரிவை அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பொதுநலன் வலுவாக இருக்கும்போது அந்தரங்க உரிமைக்கும் எல்லை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் விளக்கியது. பதினெட்டு வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை வாசலில் அடையாள அட்டை கேட்கத் தொடங்கினால் அது ஒரு வாசலோடு நிற்பதில்லை. பிரிட்டனில் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2025 ஜூலை முதல் வயதுச் சோதனை கட்டாயமானது. ஆபாசத் தளங்களுக்கென்று பேசப்பட்ட அந்தச் சோதனை விவாத மேடைகளுக்கும் வந்தது, வி.பி.என். செயலிகளின் பதிவிறக்கம் எகிறியது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தையைக் காக்க எழுதிய விதிக்காகப் பெரியவர்களும் வயதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இன்று சீட்டுக்கட்டுக்குக் கேட்கிற ஆதாரை நாளை ஒரு கட்டுரை படிக்கவும் கேட்டால் என்ன செய்வோம் என்பது கற்பனையான பயம் அல்ல.

கட்டுப்பாடு என்றாலே சுதந்திரம் குறையும் என்று நினைப்பதும் தப்பு. எல்லாத் தளங்களையும் சமமாக நடத்தக் கோரும் இணையச் சமநிலைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய்க்குப் போனது நினைவிருக்கும். ஃபேஸ்புக், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறேன் என்று வந்தது. வாங்குபவர் வாங்கட்டும், அரசுக்கு என்ன என்பது அப்போதும் சில சுதந்திரவாதிகளின் வாதம். டிராய் அதைத் தடுத்தது. 2016 பிப்ரவரி 8, அதாவது பார்லோவின் பிரகடனம் வந்து சரியாக இருபது ஆண்டுகள் கழித்து. அந்த விதி நம்மிடம் எந்த அடையாளமும் கேட்கவில்லை, எதைப் படிக்கிறோம் என்று எட்டிப்பார்க்கவில்லை. கட்டியது கம்பெனிகளின் கையைத்தான். இணையம் நமக்கு முழுதாகக் கிடைத்தது.

ராஜாஜியை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. லைசென்ஸ், பெர்மிட் ஆட்சிக்கு எதிராக 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். பொருளாதாரத்தில் அரசு ஒதுங்க வேண்டும் என்று அவர் அளவுக்கு வாதாடியவர்கள் இந்தியாவில் குறைவு. அதே ராஜாஜிதான் 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், 1971-ல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது தள்ளாத வயதிலும் எதிர்த்தார். இதை முரண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் செய்கிறவரை அதிகாரி நசுக்குவதையும், கூலிக்காரரின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்குவதையும் அவர் சேர்த்தே பார்த்தார். அவருடைய மருந்து சரிதானா என்பது வேறு விவாதம். இன்றைய சுதந்திரவாதிகளில் பலருக்கு அந்த இரண்டாவது பார்வை இல்லை.

தடைக்குப் பிறகு ஆட்டம் எங்கே போகும்?

அமெரிக்கா இதை நமக்கு முன்பே அனுபவித்தது. இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தை 2006-ல் ஒரு சட்டம் தடுத்தது. லிபர்டேரியன் அரசியலின் முகமான ரான் பால் அதை எதிர்த்தார். அவரோடு சேர்ந்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் பார்னி ஃபிராங்க். ஆட்டம் நிற்கவில்லை, வெளிநாட்டு உரிமம் பெற்ற தளங்களுக்கு நகர்ந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது உண்மை வெளியே வந்தது. ஃபுல் டில்ட் என்ற தளம் ஆடியவர்களுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி என்றது நீதித்துறை. அங்கே பணம் போட்டவர்களைக் காக்க ஒரு விதிகூட வேலை செய்யவில்லை.

பிறகு அதே நாடு எதிர்த்திசையில் ஓடியது. 2018-ல் விளையாட்டுப் பந்தயத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் 38 மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்தன. போனில் பந்தயம் கட்ட வழிவிட்ட மாநிலங்களில் மக்களின் கடன் மதிப்பெண் சரிந்ததையும் திவால் மனுக்கள் கூடியதையும் பொருளாதார ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முழுத் தடையும் முழுத் திறப்பும் ஒரே நாட்டில், ஒரே தலைமுறைக்குள்.

பிரிட்டன் நடுவில் ஒரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. கையில் இல்லாத காசை யாரும் பணயம் வைக்கக் கூடாது என்பது நோக்கம். ஒருவர் தானாக முன்வந்து பெயரைப் பதிந்தால், உரிமம் பெற்ற எந்தத் தளமும் அவரை உள்ளே விடக் கூடாது. 2025-ல் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. இவற்றில் பெயர்ப்பதிவு முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தெளிவாக இருக்கும் பகல் நேரத்து மனிதர், நள்ளிரவில் தடுமாறப்போகும் தன்னைத் தானே கட்டிவைக்க ஒரு வசதி. அதைச் சுதந்திரவாதிகளும் மறுக்க முடியாது, முடிவெடுப்பது அவரேதான்.

தமிழ்நாட்டு விதிகளைத் தாண்டி, நாடு முழுவதற்குமாக இந்த நடுவழியை இந்தியா முயன்று பார்க்கவே இல்லை. 1,400-க்கும் மேற்பட்ட சூதாட்டத் தளங்களையும் செயலிகளையும் 2022-லிருந்து முடக்கியதாக அரசு 2025-ல் சொன்னது. ஒன்றை மூடினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி இன்னொன்று வருகிறது. டெலிகிராம் குழுவில் லிங்க், யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு யு.பி.ஐ.யில் பணம். உள்ளூர்க் கம்பெனியின் செயலியிலாவது ஒரு முகவரி இருந்தது, வழக்குப் போட ஆள் இருந்தது, பணம் எடுக்க முடிந்தது. கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த கம்பெனியைச் சட்டத்தால் மூன்று நாளில் நிறுத்த முடிந்தது. முகவரியே இல்லாத மேசையை நிறுத்த இன்னும் வழி தெரியவில்லை.

கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வி அங்கே மறுபடி எழும். கமிஷன் எடுக்கும் மேசைக்கு எவ்வளவு கடிவாளம் போடலாம், அந்தக் கடிவாளம் ஆடுபவரின் கழுத்துக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழ வேண்டும். வாரன்ட் இல்லாத சோதனைப் பிரிவு போக வேண்டும். கடன் வாங்கி ஆடுவதற்கான வாசல் அடைபட வேண்டும். ஆடுபவரின் நடத்தைப் பதிவேட்டை வைத்து அவருக்கே தூண்டில் போடுவது குற்றம் என்று எழுதப்பட வேண்டும். அது ரம்மிக்கு மட்டுமல்ல, வேறு பெயரில் வரப்போகிற எல்லா ஆட்டங்களுக்கும் தேவைப்படும்.

இன்னொரு வேலை நீதிமன்றத்துக்கு வெளியே காத்திருக்கிறது. மேசை மூடிய பிறகும் ரம்மிக்காக வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. கடன் செயலிகளின் மிரட்டல் அழைப்புகள், அடகுக் கடையில் மனைவியின் நகை, பி.எஃப். பணத்தை எடுத்துவிட்ட தகவல் தெரியாத வீடு. 28 சதவீத வரி இருந்த இரண்டு ஆண்டில் வசூலான ஜி.எஸ்.டி.யிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கினாலே மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் சூதாட்ட அடிமைத்தன சிகிச்சைக்கும், கடன் சிக்கலைப் பேசித் தீர்க்கவும் ஆட்களை நியமிக்கலாம். மூன்று நாளில் சட்டம் இயற்ற முடிந்தவர்கள் அந்தப் பணத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.